எல்லோருக்கும் ஆப்ஜெக்ட் தெரிய வேண்டுமா?

கேள்வி: புரோகிராமர் ஆக நினைக்கும் எல்லோரும் ஆப்ஜெக்ட் ஓரியன்டட் முறையைப் படித்தே ஆக வேண்டுமா?
- ஒரு வாசகர், சிவகாசி

பதில்: அந்த முறையில் எழுத வராவிட்டாலும் பரவாயில்லை, அடுத்தவர் எழுதியதைப் படித்தால் புரிய வேண்டும். உங்கள் ஊர்ப் பட்டாசையே பாருங்கள். சங்குசக்கரம், புஸ்வாணம், சரவெடி மூன்றையும் ஊதுபத்தியால்தான் பற்றவைக்கிறோம். ஒன்று தரையில் சுழல்கிறது, ஒன்று பூவாகச் சொரிகிறது, ஒன்று படபடவென்று வெடிக்கிறது. 'பற்றவை' என்ற ஒரே கட்டளைக்கு ஒவ்வொன்றும் தன் வழியில் நடந்துகொள்கிறதே, இந்த முறையின் உயிரே அதுதான். இந்த முறைக்கு வித்தாக, 1967இல் நார்வே அறிஞர்கள் டாலும் நிகார்டும் 'சிமுலா 67' மொழியில், ஆப்ஜெக்ட்களை வார்க்கும் அச்சான கிளாஸைக் கொண்டுவந்தார்கள். ஜாவா வேலைக்குப் போகிறவருக்கு இந்த முறை கட்டாயம். ஆனால் தீபாவளி ஸ்டாக் கணக்கெடுக்க மட்டும் என்றால், எஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மொழியே போதும். லினக்ஸ் கெர்னல் பெரும்பாலும் சி மொழியில் எழுதியது. அந்த மொழியில் கிளாஸே கிடையாது. ஆனால் அங்கேயும் ஃபங்ஷன் பாயிண்டர்களை வைத்து, 'படி' என்றால் ஒவ்வொரு ஃபைல் சிஸ்டமும் தன் வழியில் படிக்கும்படி செய்திருக்கிறார்கள்.