கடைப் பின்புறத்துத் தீ

வியாபாரச் சகோதரர்களே! காலையில் கடையைத் திறந்ததும் சரக்கைப் பார்க்கிறோம், கணக்கைப் பார்க்கிறோம், கல்லாவைப் பார்க்கிறோம். கடையின் பின்புறத்தை மட்டும் பையன்களின் பொறுப்பில் விட்டுவிடுகிறோம். அங்கே ஒரு பழைய தகர டிரம்; அதற்குள் அட்டைப் பெட்டி, பிளாஸ்டிக் தாள், அழுகிய வெங்காயச் சாக்கு. ஒரு தீக்குச்சியைக் கிழித்துப் போட்டால் வேலை தீர்ந்தது என்பது நம்மில் பலருடைய எண்ணம்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நமது கடையிலும் வெகு காலம் இதுவே வழக்கமாயிருந்தது. மாடியில் குடியிருந்த மூதாட்டி ஒருவர் இழுப்பு நோய்க்காரர். ஒரு நாள் மாலை அவருடைய மகன் இறங்கி வந்து, “பாய், ஜன்னலை மூடினால் அம்மாவுக்கு மூச்சு முட்டுகிறது, திறந்தால் உங்கள் புகை வருகிறது. நாங்கள் என்ன செய்யட்டும்?” என்று கேட்டார். அவர் சண்டைக்கு வரவில்லை. அதனாலேயே நமக்கு வெட்கமாய்ப் போயிற்று. அண்டை வீட்டாருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது மதரஸாவில் நாம் சிறு வயதிலேயே படித்த பாடமல்லவா? அன்றிரவே டிரம்மைக் கவிழ்த்தோம். பிறகு சட்டத்தை விசாரித்தோம். நமது கடையும் இத்தனை காலம் ஆபத்தில் இருந்திருக்கிறது என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. விசாரித்து அறிந்ததை இங்கே தருகிறோம்.

சட்டம் சொல்வது என்ன? 1974-ம் வருஷத்துச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் 29-ஏ பிரிவு திறந்தவெளியில் எரிப்பதைத் தடுக்கிறது. புகைபோக்கி வழியாகச் செல்லாமல், திறந்த வெளியில் எரிகிற எந்தத் தீயும் இதில் அடங்கும். சுடர் இல்லாமல் கனன்று புகைவதும் அடங்கும். ஆகவே, “டிரம்முக்குள்தானே எரித்தோம்”, “அணைந்துவிட்டது, புகை மட்டும்தான்” என்னும் சமாதானங்கள் செல்லமாட்டா. குற்றம் ருசுவானால் ஐந்து வருஷம் வரை சிறைத் தண்டனை உண்டு. ஐந்து லட்சம் வெள்ளி வரை என்றிருந்த அபராதத்தின் உச்சவரம்பை 2024-ம் வருஷத்துத் திருத்தம் பத்து லட்சம் வெள்ளியாக உயர்த்தியிருக்கிறது.

இதைவிட முக்கியமாக நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. தீ வைத்தவர் யார் என்பதோடு சட்டம் நின்றுவிடுவதில்லை. ஓர் இடத்தில் தீ எரிந்தால், அந்த இடத்தைத் தன் வசத்தில் வைத்திருக்கும் சொந்தக்காரரோ குடியிருப்பவரோ அதற்குப் பொறுப்பாளி என்றே சட்டம் கொள்கிறது. தமக்குத் தெரியாமல் நடந்தது, தக்க முன்னெச்சரிக்கை எடுத்திருந்தோம் என்று மெய்ப்பிக்க வேண்டியது அவர் கடமை. கடைப் பையன் கொளுத்தினாலும், வழிப்போக்கர் கொளுத்தினாலும், முதலில் கேள்வி முதலாளியிடம்தான் வரும்.

ஒரு டிரம் தீக்கு இத்தனை கடுமையா என்று சிலர் கேட்கலாம். 1997-ம் வருஷத்துப் புகைமூட்டத்தை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அதற்கு அடுத்த வருஷமே 29-ஏ பிரிவு சட்டத்தில் சேர்க்கப்பட்டது. 2005-ம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் போர்ட் கிள்ளானிலும் கோலசிலாங்கூரிலும் காற்று மாசுக் குறியீடு 500-ஐத் தாண்டி, அவசரகாலமே பிரகடனம் செய்யப்பட்டது. அந்தக் குறியீட்டில் 50 வரை நல்ல காற்று. 100 வரை நடுத்தரம். 101 முதல் 200 வரை உடலுக்குக் கேடு. 300-க்கு மேல் அபாயம். சுமத்திராவிலிருந்து வரும் புகையை நம்மால் தடுக்க இயலாது. ஆனால் நம் ஊர்ப் புகையும் அதோடு சேருகிறது. கிள்ளானை அடுத்த ஜோஹான் செத்தியா போன்ற கரிசதுப்பு நிலங்களில் ஒரு தீ விழுந்தால், அது மண்ணுக்கடியில் புகுந்து நாட்கணக்கில் கனலும். மேலே நீர் ஊற்றினாலும் எளிதில் அணையாது. பிளாஸ்டிக் எரியும்போதோ, நுரையீரலின் ஆழம் வரை செல்லும் நுண்துகளும் டயாக்சின் என்னும் நச்சும் கிளம்புகின்றன.

எல்லாத் தீயும் குற்றமா என்றால், இல்லை. உணவு சுடும் தீ, சமயச் சடங்குக்கான தீ, பிரேத தகனம் ஆகியவற்றுக்கு நிபந்தனைகளோடு விலக்குண்டு. கந்தூரிச் சோற்றுக்கும் நோன்புக் கஞ்சிக்கும் அடுப்பு மூட்டுவதைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. “பக்கத்துக் கடைச் சீனர் காகிதம் எரிக்கிறாரே, நாம் எரித்தால் என்ன?” என்று கேட்பதும் பொருந்தாது. அது சடங்கு, நம்முடையது குப்பை. தோட்டத்து இலை தழைகளை எரிக்கும் விலக்கும் குப்பை வண்டி வராத இடங்களுக்கே உரியது. வண்டி வரும் பிரிக்ஃபீல்ட்ஸ், கிள்ளான் பட்டணவாசிகள் அதைக் காட்டித் தப்ப இயலாது.

இனி நாம் செய்ய வேண்டியவை. முதலாவது, அட்டைப் பெட்டிகளை அன்றன்றே பிரித்து, மடித்து, நனையாமல் கட்டி வையுங்கள். பழைய பேப்பர்க்காரர் எடைபோட்டு வாங்கிக்கொள்வார். எரித்தால் சாம்பல், விற்றால் காசு. இரண்டாவது, பிளாஸ்டிக்கையும் அழுகல் சரக்கையும் பையில் கட்டிக் குப்பை வண்டிக்குக் கொடுங்கள். மூன்றாவது, தீ வைக்கலாகாது என்பதைப் பையன்களுக்கு அவரவர் பாஷையில் சொல்லி, பின்கதவில் எழுதி ஒட்டுங்கள். நான்காவது, பிறர் மூட்டிய தீயை நம் இடத்தில் கண்டால் அணையுங்கள். படமெடுத்து, நேரத்தைக் குறித்து வையுங்கள். அடங்காவிட்டால் 999-க்கு அழையுங்கள். ஐந்தாவது, கிழிந்த முஸ்ஹபு ஏடுகளைக் கண்ணியம் கருதிப் பின்புறத்தில் எரிப்போரும் உண்டு. அவற்றைப் பள்ளிவாசல் நிர்வாகத்தாரிடம் கேட்டு உரிய இடத்தில் ஒப்படைப்பதே முறை.

நமது கடையின் டிரம் இன்று தண்ணீர் பிடிக்க உதவுகிறது. அட்டை விற்ற காசு பையன்களின் தேநீருக்குப் போகிறது. மாடி ஜன்னலும் மாலையில் திறந்தே இருக்கிறது. இன்றைக்கு வீடு திரும்புமுன் ஒவ்வொருவரும் தத்தம் கடையின் பின்கதவைத் திறந்து ஒரு முறை பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறோம்.