எடைக்குப் போகுமா?

குடியிருப்பில் உலர்குப்பை சேகரிக்கப் போகிறோம், எதையெல்லாம் வாங்கலாம் என்று ஒரு பட்டியல் கொடுங்கள் என்று கேட்டு வந்தீர்கள். பல வருடம் ஒரு தரம் பிரிக்கும் கொட்டகையைப் பார்த்துக்கொண்டவன் என்ற உரிமையில் சொல்கிறேன்: பட்டியல் என்னிடம் இல்லை. ஊருக்கு ஊர் அது மாறும். எழுதும் விதத்தை வேண்டுமானால் சொல்லித் தருகிறேன்.

1. காயலான் கடையிலிருந்து தொடங்குங்கள். எல்லோரும் வீட்டுக் குப்பைத்தொட்டியைப் பார்த்துத்தான் பட்டியல் போடுகிறார்கள். நீங்கள் ஒரு பையில் தண்ணீர் பாட்டில், ஷாம்பு டப்பா, பால் கவர், பிஸ்கட் உறை, ஜூஸ் டப்பா என்று ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு பழைய இரும்புக் கடைக்குப் போங்கள். எதை எடுத்து எடை போடுகிறார், எதைத் தொடாமலே தள்ளுகிறார் என்று பாருங்கள். அவர் யாருக்கு விற்கிறார், எத்தனை கிலோ சேர்ந்தால் வண்டி வரும், விலை விழுந்தாலும் எடுப்பாரா என்று கேளுங்கள். வாங்க ஆள் இல்லாத பொருளைச் சேர்த்து வைப்பதற்குப் பெயர் மறுசுழற்சி இல்லை, குப்பைமேட்டை இடம் மாற்றுவது.

2. அம்புக்குறி முக்கோணத்தை நம்பாதீர்கள். அதற்குள் இருக்கும் எண், 1988இல் அமெரிக்க பிளாஸ்டிக் தொழில் சங்கம் கொண்டுவந்தது. 1 என்றால் பெட், 2 என்றால் கெட்டி பாலித்தீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன். இன்ன பிளாஸ்டிக் என்று மட்டும்தான் அது சொல்லும். உங்கள் ஊரில் விலைபோகும் என்று சொல்லாது. 7 என்பது 'மற்றவை'. அந்த எண்ணைப் பார்த்து எந்தக் கடைக்காரரும் பணம் தந்து நான் கண்டதில்லை.

3. மாத்திரை அட்டையை உள்ளே விடாதீர்கள். பெரும்பாலும் பிவிசியும் அலுமினியத் தாளும் ஒட்டியது அது. பெட் பாட்டில் உருகுவதற்கு 250 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும். பிவிசி அதற்கு முன்னாலேயே கருகி அமிலப் புகை விடும்; சிறிதளவு கலந்தாலும் மொத்த பெட்டையும் கெடுத்துவிடும். பாட்டில் துண்டையும் மூடியையும் தண்ணீரில் போட்டால் துண்டு முங்கும், மூடி மிதக்கும். ஆலையில் அப்படித்தான் பிரிக்கிறார்கள். பிவிசியும் முங்குகிற சாதி என்பதால் தண்ணீர் அதைக் காட்டிக்கொடுக்காது. வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

4. பால் கவரைக் கொண்டாடுங்கள். நம் வீடுகளில் மறுசுழற்சி என்ற சொல் வருவதற்கு முன்பே இது எடைக்குப் போனது. கழுவி, சமையலறை ஜன்னல் கம்பியில் காயப்போட்டு, மாதம் ஒருமுறை கட்டாக்கி விற்ற அம்மாக்கள்தான் இந்தத் தொழிலின் முன்னோடிகள். 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் பல பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தடை வந்தபோதும் பால் கவருக்கு விலக்கு இருந்தது. பட்டியலில் இதற்கு இரண்டு வரி சேர்த்து எழுதுங்கள். ஒன்று, கழுவாத கவர் வேண்டாம். ஒரு மூட்டையில் பத்து கவர் புளித்திருந்தால் மீதியையும் யாரும் தொடமாட்டார்கள். இரண்டு, மூலையைக் கத்தரித்துத் தனியே எறியாதீர்கள். பாதி வெட்டி, துண்டு கவரோடு ஒட்டியிருக்கட்டும். நகத்தளவு துண்டைப் பொறுக்க எவருக்கும் கூலி கட்டாது. அது நேரே சாக்கடைக்குப் போகும்.

5. பளபளக்கிற உறை வேறு கதை. சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே எல்லாம் பல அடுக்குகளை ஒட்டிச் செய்தவை, பிரித்தெடுப்பது கட்டுப்படியாகாது. பெரும்பாலும் சிமென்ட் ஆலைச் சூளைக்கு எரிபொருளாகத்தான் போகும். உங்கள் ஊரில் அதற்கு வண்டி வருகிறது என்றால் தனி மூட்டையில் வாங்குங்கள். ஆனால் எரிக்கத்தான் போகிறது என்று வீட்டுக்காரர்களிடம் உண்மையைச் சொல்லிவிடுங்கள். நாங்கள் சொல்லாமல் விட்டோம். ஒருநாள் விஷயம் தெரிந்ததும் நல்லபடியாகப் பிரித்துத் தந்தவர்கள்கூட எல்லாவற்றையும் ஒரே வாளியில் கொட்ட ஆரம்பித்தார்கள். அதைச் சரிசெய்ய ஒரு வருடத்துக்கு மேல் ஆனது.

6. ஜூஸ் டப்பாவை அட்டையோடு போடாதீர்கள். அதில் முக்கால் பங்கு காகிதம், மீதி பாலித்தீனும் அலுமினியமும். அதற்கென்று இயந்திரம் வைத்திருக்கும் காகித ஆலைதான் எடுக்கும். அப்படி ஓர் ஆலை வண்டி அனுப்பினால் பட்டியலில் சேருங்கள், இல்லாவிட்டால் வேண்டாம். டீக்கடைக் காகிதக் கப்பும் இதே ரகம்தான். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருப்பதால் 2019 தடைப் பட்டியலிலேயே இருக்கிறது. இன்னும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

7. கண்ணாடியை யோசித்துச் சேருங்கள். முழு பாட்டில் திரும்ப நிரப்பப் போகலாம். உடைந்தால் கனம் மட்டும் மிச்சம், விலை இல்லை, கை கிழியும். டாஸ்மாக் பாட்டிலைத் திருப்பித் தந்தால் பத்து ரூபாய் என்ற திட்டம் 2022இல் நீலகிரியில் தொடங்கியது. பாட்டில் கடைக்குத் திரும்ப என்ன வேண்டும் என்பதற்கு அதைவிட நல்ல பாடம் இல்லை. முழு பாட்டிலுக்குத் தனி தட்டு வையுங்கள். உடைந்ததை மற்றதோடு சேர்க்கவே வேண்டாம்.

8. தகர டப்பா, அலுமினியக் கேன், காய்ந்த அட்டைப்பெட்டி: கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள். அலுமினியத்தைத் திரும்ப உருக்க, தாதுவிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் ஏறக்குறைய இருபதில் ஒரு பங்கு போதும். அதனால்தான் கேன் எந்தத் தெருவிலும் தரையில் கிடப்பதில்லை. எண்ணெய் ஊறிய பீட்சா பெட்டி வேண்டாம். தெர்மோகோலும் வேண்டாம், அது பெரும்பாலும் காற்று. ஒரு வண்டி நிறைய ஏற்றினாலும் எடை சொல்ல வெட்கமாக இருக்கும்.

9. சிறிய பட்டியலோடு தொடங்குங்கள். ஐந்து பொருள் போதும். பின்னால் ஒன்றைச் சேர்த்தால் சந்தோஷப்படுவார்கள். ஒன்றை நீக்கினால் நீங்கள் ஏமாற்றுவதாகச் சொல்வார்கள்.

10. அச்சுக்குக் கொடுக்கும் முன் தரம் பிரிக்கும் பெண்களோடு ஒரு நாள் முழுக்க உட்காருங்கள். எது ஒட்டும், எது நாறும், எது கிழிக்கும் என்று அவர்களுக்குத்தான் தெரியும். அவர்கள் வேண்டாம் என்பதை அடித்துவிடுங்கள். போகும்போது கையுறை நிறைய வாங்கிப் போங்கள். அங்கே எல்லோருக்கும் இருக்காது.