காகிதத் திரையும் பாட்டியின் விரலும்: டிஜிட்டல் சாதன வடிவமைப்பில் ஒரு செய்முறைப் பாடம்

இந்திய அரசாங்கத்தின் அழைப்பின் பேரில் இந்நாட்டைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க வடிவமைப்பாளர்களான சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் 1958ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை சமர்ப்பித்தனர். இந்தியாவில் கண்ட பொருள்களுள் அவர்கள் மிகவும் வியந்து பாராட்டியது, லோட்டா என வழங்கும் சாதாரண நீர்ச் செம்பையே ஆகும். அது எவ்வளவு நீர் கொள்கிறது, கையிலும் இடுப்பிலும் எவ்வாறு தங்குகிறது, ஊற்றுவதற்கும் துலக்குவதற்கும் எவ்வாறு இடங்கொடுக்கிறது என்று கேள்விகளை அவர்கள் அடுக்கினர். அவ்வறிக்கையைத் தொடர்ந்து 1961ஆம் ஆண்டில் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியது.

செம்பைக் குறித்த அக்கேள்விகள் கைபேசியின் திரைக்கும் பொருந்துவனவே. 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை, நடுநிலை வகுப்புகளில் கணினி நிரல் எழுதும் பயிற்சி வேண்டும் என்கிறது. 2016இல் தொடங்கிய அடல் புத்தாக்க இயக்கத்தின் கீழ்ப் பல்லாயிரம் பள்ளிகளில் செய்முறைக் கூடங்கள் அமைந்துள்ளன. எனினும் பாடம் பெரும்பாலும் கருவியிலிருந்தே தொடங்குகிறது. விளக்கை எரியச் செய்யக் குழந்தை கற்கிறது. அவ்விளக்கு யாருக்காக எரிய வேண்டும் என்று கேட்கக் கற்பதில்லை. கீழ்க்காணும் பாடம் அம்முறையை மாற்றி, மனிதரை முதலிலும் கருவியைக் கடைசியிலும் வைக்கிறது.

தேவையான பொருள்கள்

7 சென்டிமீட்டர் அகலமும் 15 சென்டிமீட்டர் நீளமும் உள்ள அட்டைகள் பன்னிரண்டு, பென்சில், அழிப்பான், ஒரு குறிப்பேடு, புளியங்கொட்டைகள் சில. கணினி முதலில் தேவையில்லை.

வேலையைத் தேர்ந்தெடுத்தல்

குழந்தைக்கு நன்கு தெரிந்த ஒருவரும், அவர் நாள்தோறும் படும் ஒரு சிறு இடரும் இருந்தால் போதுமானது. எழுத்தறியாத பாட்டி ஒருவர் நாளொன்றுக்கு மூன்று வேளை மாத்திரை உட்கொள்கிறார். உண்டோமா இல்லையா என்பது அவருக்கு மறந்துவிடுகிறது. ஒரு வேளை விட்டுப்போவதும் தீங்கு. அதே மாத்திரையை இருமுறை உண்பது அதனினும் பெருந்தீங்கு ஆகலாம். இதற்கு உதவும் திரை ஒன்றை அவருடைய 10 வயதுப் பேத்தி அமைக்க முற்படுவதாகக் கொள்க.

வரையத் தொடங்குமுன் சிறுமி ஒரு நாள் முழுவதும் பாட்டியைக் கவனித்துக் குறிப்பெடுக்க வேண்டும். பாட்டி வேளையை எவ்வாறு அறிகிறார், மாத்திரையை எங்கே வைக்கிறார், கண் பார்வை எத்தகையது என்பன குறிப்பில் இடம்பெறும். "இப்படி ஒன்று செய்து தந்தால் பிடிக்குமா, பாட்டி?" என்று கேட்பதால் பயனில்லை. பேத்தி எதைக் காட்டினாலும் பாட்டி பிடிக்கும் என்றே சொல்வார். "நேற்று மாத்திரை சாப்பிட்டதை எப்படி ஞாபகம் வைத்துக்கொண்டீர்கள்?" என்னும் கேள்வியே உண்மையை வெளிக்கொணரும்.

காகிதத் திரை

ஓர் அட்டை ஒரு திரையாகும். விரல் படவேண்டிய பொத்தான் எதுவும் 1 சென்டிமீட்டருக்குக் குறைதல் கூடாது. முதியோர்க்கு அதனினும் பெரிதாக இருத்தல் நலம். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாதவர் சிலர் உண்டாகையால், நிறத்தை மட்டும் அடையாளமாகக் கொள்ளலாகாது.

சோதனையின்போது சிறுமியே இயந்திரமாகிறாள். பாட்டி ஒரு பொத்தானைத் தொட்டதும் அவள் அந்த அட்டையை எடுத்துவிட்டு அதற்குரிய அடுத்த அட்டையை வைக்கிறாள். இயந்திரம் பேசாது, ஆதலால் அவளும் பேசலாகாது. "அங்கே இல்லை, இங்கே தொடுங்கள்" என்று வாய்வரை வரும் சொல்லை அடக்குவதே இப்பாடத்தின் கடினமான பகுதி. உடனிருக்கும் வேறொரு மாணவர், விரல் எங்கே தயங்கியது என்பதைக் குறித்துக்கொள்ளலாம். மாத்திரைக்குப் பதிலாகப் புளியங்கொட்டையையே பயன்படுத்த வேண்டும்.

சிறுமி முதலில் கடிகாரப் படத்தை வரையக்கூடும்; பாட்டிக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அடுத்து உதிக்கும் சூரியனையும் மறையும் சூரியனையும் வரையக்கூடும். காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். குறிப்பேட்டைத் திரும்பப் பார்த்தால் விடை கிடைக்கும். பாட்டி நாளை அளப்பது தேநீராலும், நண்பகல் உணவாலும், விளக்கு வைப்பதாலும் ஆகும். ஆகவே குவளை, தட்டு, விளக்கு ஆகிய மூன்று படங்கள் போதும். பாட்டி தவறான இடத்தைத் தொட்டால் தவறு படத்தினுடையதே அன்றிப் பாட்டியினுடையது அன்று என்பதை ஆசிரியர் வலியுறுத்த வேண்டும்.

இயந்திரம் அறிவது எது?

மூன்றாவது வகுப்பில் ஆசிரியர் இக்கேள்விகளை எழுப்பலாம். பாட்டி பொத்தானைத் தொட்டுவிட்டு மாத்திரையை உண்ண மறந்தால் என்ன ஆகும்? உண்டுவிட்டுத் தொட மறந்தால்? கைநடுக்கத்தால் இருமுறை தொட்டுவிட்டால்?

இயந்திரம் அறிவது பொத்தான் அழுத்தப்பட்டதை மட்டுமே. மாத்திரை விழுங்கப்பட்டதை அது அறியாது. பதிவேட்டில் இட்ட குறியும் நடந்த வேலையும் வேறுபடக் கூடும் என்பது களப்பணியாளர் அறிந்த விஷயமே. இவ்வுண்மையை உணரும் சிறுமி தன் திரையைத் திருத்துவாள். தவறித் தொட்டதை நீக்க ஒரு பொத்தான் சேர்ப்பாள். தொடாதிருந்த வேளைக்கு "உண்ணவில்லை" என்னும் அடையாளம் இடாமல், "தெரியவில்லை" என்பதற்குரிய கேள்விக்குறியை இடுவாள். இயந்திரம் "உண்ணவில்லை" என்று தவறாகக் காட்டினால், பாட்டி மீண்டும் ஒரு மாத்திரை உண்ண நேரிடும் அன்றோ?

கருவிக்கு மாற்றுதல்

மூவர் முதல் ஐவர் முதியோரிடம் காகிதத் திரை தடையின்றிச் செயற்பட்ட பின்னரே கருவியைக் கையில் எடுக்கலாம். மைக்ரோபிட் என்னும் சிறு பலகை இதற்கு ஏற்றது. அதில் ஐந்துக்கு ஐந்தாக 25 சிறு விளக்குகளும், இரண்டு பொத்தான்களும் உள்ளன. ஒரு பொத்தான் "உண்டேன்" என்பதற்கும், மற்றது "தவறு, நீக்குக" என்பதற்கும் ஆகும். குவளை, தட்டு, விளக்கு என்னும் படங்களை 25 புள்ளிகளில் அடக்குவதே ஒரு நல்ல பயிற்சி. வகுப்பில் ஒரு நிமிஷத்தை ஒரு வேளையாகக் கொண்டு இயக்கிப் பார்க்கலாம்.

பின்னர் மின்கலத்தைச் சிறிது நேரம் கழற்றி மீண்டும் பொருத்தச் செய்க. பலகை நேரத்தை மறந்திருக்கும். சாதாரண முறையில் எழுதிய நிரலாயின் முந்தைய பதிவுகளும் அழிந்திருக்கும். வாங்கும் சாதனங்கள் இத்தகைய தவறுகளைத் தாங்குமாறு ஏன் அமைக்கப்பட வேண்டும் என்பது அப்போது மாணவர்க்குத் தாமே விளங்கும்.

ஆசிரியர் கவனத்திற்கு

மாணவர் செய்த மாதிரியை உண்மையான மருந்துக்கு நம்பியிருக்க விடுதல் கூடாது. மருந்தின் அளவும் வேளையும் மருத்துவர் கூறியபடியே இருக்க வேண்டும். கருவி கிடைக்காத பள்ளிகள் காகிதச் சோதனையுடன் நிறுத்திக்கொண்டாலும் பாடத்தின் பெரும்பகுதி கைகூடிவிடும். மதிப்பெண் இடும்போது இறுதித் திரையின் அழகை மட்டும் பார்த்தல் போதாது. கழித்த அட்டைகளையும் வரிசையாக ஒட்டிவைத்து, ஒவ்வொன்றையும் எதற்காக மாற்றினாள் என்று சிறுமியையே சொல்லச் செய்தல் வேண்டும். பாட்டியின் விரல் தயங்கிய இடத்தைக் காரணமாகக் காட்டுவாளாயின், அவள் வடிவமைப்பைக் கற்கத் தொடங்கிவிட்டாள் எனக் கொள்ளலாம்.