வண்டலூர் ஹெரால்டுக்கு முன்சக்கர டிஸ்க் பிரேக்

உத்திரமேரூர்

அன்புள்ள மருமகனுக்கு,

ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் காரும் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் ஸ்போர்ட்ஸ் காரும் ஒரே வீட்டுப் பிள்ளைகள். 1959-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ஃப் ஹெரால்டின் சேஸியைக் குறுக்கி, முன்சக்கர சஸ்பென்ஷனை ஏறக்குறைய அப்படியே வைத்துக்கொண்டு, 1962-இல் ஸ்பிட்ஃபயரைச் செய்தார்கள். இரண்டுக்கும் உருவம் கொடுத்தவர் இத்தாலியரான மிக்கெலோட்டி. 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்த வண்டலூரில், ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் ஹெரால்டையும், எழுபதுகளில் அதன் வழிவந்த கெஜலையும் தயாரித்தது. ஸ்பிட்ஃபயருக்கு முதல் வண்டியிலிருந்தே முன்னால் டிஸ்க். வண்டலூர் ஹெரால்டுக்கு நான்கு சக்கரத்திலும் டிரம். அந்த முன் டிரம்மை எடுத்துவிட்டு ஸ்பிட்ஃபயர் டிஸ்க்கைப் பூட்டுவது இந்த வண்டிக்குச் செய்யத்தக்க வேலைதான். ஆனால் வண்டி நிற்கும் தூரம் பாதியாகும் என்று நம்பிச் செய்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

ஒழுங்காக இருக்கும் டிரம்மே 13 அங்குலச் சக்கரத்தின் ஒல்லியான டயரை லாக் செய்துவிடும். அதற்கு மேல் பிடிமானம் டயருக்கும் சாலைக்கும் இடையிலான விவகாரம். டிஸ்க்கின் பலன் வேறு இடங்களில் தெரியும். 900 கிலோ வண்டி 80 கி.மீ. வேகத்திலிருந்து ஒருமுறை நின்றால், முக்கால் லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும் அளவு வெப்பம் பிரேக்கில் இறங்குகிறது. வண்டியின் பாரம் முன்னே சாய்வதால் அதில் பெரும்பங்கு முன்சக்கரங்களுக்கு. மூடிக்கிடக்கும் டிரம்மில் அந்தச் சூடு தங்கும். டிரம் விரியும், லைனிங் வழுக்கும், பெடல் இறங்கும். டிஸ்க் காற்றில் சுற்றுவதால் சீக்கிரம் ஆறும். இந்தப் பக்கத்துக்கு இதைவிட முக்கியமானது ஈரம். ஐப்பசி, கார்த்திகையில் ஏரி நிரம்பிக் கலங்கல் தண்ணீர் சாலையைக் கடக்கும்போது, நனைந்த டிரம் சிறிது நேரம் பிடிக்கவே பிடிக்காது. அல்லது ஒரு பக்கம் மட்டும் பிடித்து ஸ்டியரிங்கை இழுக்கும். டிஸ்க் தண்ணீரை உதறிவிடும், மீதியைப் பேட் துடைத்துவிடும்.

பிரேக்குக்கு முன்னால் பார்க்க வேண்டியது முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்து லிங்க். அதன் அடிமுனை மரையாக வெண்கல டிரன்னியனுக்குள் திரும்புகிறது. அங்கே போட வேண்டியது ஈபி 90 கியர் ஆயில். எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் அடிக்கும் பட்டறை வழக்கம் இங்கே ஆபத்து. கிரீஸ் மரை முழுவதும் பரவாது, துரு பிடிக்கும், ஒரு நாள் லிங்க் முறிந்து சக்கரம் மடங்கும். தேய்ந்த லிங்க்கின் மேல் புது டிஸ்க் பூட்டுவது வீண் செலவு.

டிஸ்க், ஹப், காலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட், தூசித் தகடு, ஹோஸ் எல்லாம் ஒரே மாடலின் செட்டாக வர வேண்டும். ஸ்பிட்ஃபயரின் டிஸ்க் 9 அங்குலம். டிரையம்ஃபின் இன்னொரு காரான ஜிடி6-இன் 9.7 அங்குல டிஸ்க் கவர்ச்சியானது, ஆனால் அதற்குத் தடித்த ஸ்டப் ஆக்சிலும் வேறு லிங்க்கும் தேவை. ஹெரால்டின் எடைக்கு 9 அங்குலமே தாராளம். மாருதி 800 சாமான் மலிவாகக் கிடைக்கிறது என்று யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மாருதியின் சக்கர போல்ட் வட்டம் 114.3 மி.மீ., ஹெரால்டுக்கு 95.25 மி.மீ. அதை ஒட்டவைக்க லேத்தில் கடைந்தும் பிராக்கெட்டை வெல்டிங் வைத்தும் செய்யும் வேலைக்கு உயிரை ஒப்படைக்கக் கூடாது.

பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும். டிரம்மைக் கழற்றியதும் ஏர் பிடித்து ஊதுவது நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்து எடுப்பதே சரி.

அடுத்தது மாஸ்டர் சிலிண்டர். டிரம்முக்கான சில மாஸ்டர் சிலிண்டர்களில் லைனில் கொஞ்சம் அழுத்தத்தைத் தேக்கிவைக்கும் வால்வு உண்டு. அது டிஸ்க் லைனில் இருந்தால் பேட் எப்போதும் உரசும். காலிப்பர் பிஸ்டன் பெரிது என்பதால் அதிக ஆயிலும் வேண்டும். ஆகவே டிஸ்க் மாடலுக்குரிய மாஸ்டர் சிலிண்டரையே போடுவது நல்லது. முன்னுக்கும் பின்னுக்கும் தனி லைன் உள்ள இரட்டை மாஸ்டர் சிலிண்டர் கிடைத்தால், டிஸ்க்கைவிடப் பெரிய பாதுகாப்பு அதுதான். பழைய ஒற்றை லைனில் ஒரு ஹோஸ் வெடித்தால் மிஞ்சுவது ஹேண்ட் பிரேக் மட்டும்.

டிரம்மில் ஷூ தன்னைத்தானே உள்ளே இழுத்துக்கொள்ளும், டிஸ்க்கில் அந்த உதவி இல்லை. அதனால் பெடலைச் சற்று அழுத்தி மிதிக்க வேண்டியிருக்கும். அது பழுதல்ல. மிதியைச் சுலபமாக்கும் சர்வோவை ஸ்பிட்ஃபயருக்கே கம்பெனி வைக்கவில்லை.

காலிப்பரில் ஏர் எடுக்கும் நிப்பிள் மேல்பக்கம் இருக்க வேண்டும். இடது வலது மாறினால் அது கீழே போகும், எத்தனை முறை பிளீட் செய்தாலும் பெடல் பஞ்சாகவே இருக்கும். ஹப் பேரிங் தளர்ந்திருந்தாலும் டிஸ்க் ஆடிப் பேட்டைப் பின்னுக்குத் தள்ளும், முதல் மிதி ஆழமாகப் போகும். டாட் 4 பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் ரகம். புதிதில் 230 டிகிரிக்குக் குறையாத கொதிநிலை, ஈரம் ஏறிய பின் 155 வரை இறங்கலாம். இரண்டு ஆண்டுக்கொரு முறை மாற்றுவது போதும்.

புதுப் பேட்டுக்கு முதலில் மிதமான வேகத்தில், இடைவெளி விட்டுச் சில தடவை பிரேக் பிடித்துப் பழக்க வேண்டும். வண்டி ஒரு பக்கம் இழுக்கிறதா என்று காலியான நேரான சாலையில் பார்த்த பிறகே சந்தை நாள் நெரிசலுக்குள் நுழையலாம்.

கழற்றிய டிரம், ஹப், பின்தகடு எதையும் காயலான் கடைக்குப் போடக் கூடாது. 50 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கு 2021-இல் வந்த விண்டேஜ் பதிவு விதி சேஸி, பாடி, எஞ்சின் மாறாதிருக்க வேண்டும் என்கிறது. பிரேக்கை அது பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. ஆனாலும் அசல் உருவை மதிக்கும் அடுத்த உரிமையாளர் வந்தால், எண்ணெய் தடவிச் சாக்கில் கட்டிவைத்த அந்தச் சாமான்களுக்குத்தான் விலை.

இப்படிக்கு,
மாமா