மிருதங்கத்துக்குச் சுருதி வந்தது எப்படி?

பானையின் வாயில் தோலை இழுத்துக் கட்டித் தட்டிப் பாருங்கள். ஓசை வரும்; அது எந்தச் சுரம் என்று சொல்ல முடியாது. மிருதங்கத்தின் வலந்தலையோ தம்புராவோடு சுருதி சேர்ந்து ஒலிக்கிறது. இரண்டும் தோல்தானே!

முதலில் தம்புராக் கம்பியை எடுத்துக்கொள்வோம். மீட்டினால் அது முழு நீளத்திலும் அதிரும்; அதே சமயம் 2, 3, 4 பகுதிகளாகவும் அதிரும். அடிப்படை அதிர்வெண் 100 என்றால் மற்றவை 200, 300, 400. இப்படி முழு எண் மடங்குகளாக இருப்பதால், காது அவற்றை ஒரே சுரமாக ஏற்கிறது.

வட்டத் தோல் இப்படி அடங்குவதில்லை. 100-க்கு அடுத்தது 159. பிறகு 214, 230! ஒன்றோடொன்று ஒட்டாத கூட்டம்.

வலந்தலையின் நடுவே கருவட்டம் ஒன்று உண்டல்லவா? சோற்றோடு ஒருவகைக் கற்பொடியைப் பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்து ஏற்றியது அது. அடிப்படை அதிர்வில் தோலின் நடுப்பகுதிதான் மிகுதியாக அசையும். எனவே அங்கே ஏறிய எடை அந்த அதிர்வெண்ணை மிகவும் தாழ்த்துகிறது. அடுத்த அதிர்வில் நடுப்புள்ளி அசைவதே இல்லை; அதன் அதிர்வெண் அவ்வளவு தாழ்வதில்லை. ஆகவே 1.59 என்ற விகிதம் 2-ஐ நெருங்குகிறது. மற்றவையும் 3, 4, 5 என வரிசைக்கு வருகின்றன. சி. வி. இராமன் உடனாய்வாளர் ஒருவருடன் 1920-இல் ‘நேச்சர்’ இதழில் இதை விளக்கினார். கைவினைஞர்கள் சமன்பாடு ஏதுமின்றி, அதற்கு வெகுகாலம் முன்பே காதாலேயே கண்டுகொண்டது!

அடுத்த கச்சேரியில் வித்துவானின் மோதிர விரலைக் கவனியுங்கள். ‘நம்’ என்று வாசிக்கையில் அது தோலை மெல்லத் தொட்டு நிற்கும். தொட்ட இடம் அசைய முடியாது. அதனால் அடிப்படை அதிர்வு அடங்கி, 2-ஆவது மேலோங்கும்.