நகல் இயந்திரத்தின் எண்ணிக்கை

சிவசமுத்திரத்து மின்சாரம் 1902இல் ஏறத்தாழ 147 கிலோமீட்டர் கடந்து, சாம்பியன் ரீப்ஸ் உள்ளிட்ட கோலார் தங்கச் சுரங்கங்களை வந்தடைந்தது. இன்று அவ்வூரில் வாடகைக்கு எடுக்கும் நகல் இயந்திரத்தின் பக்கக் கணக்கு, எதிர்த்திசையில் வெளியூர் நிறுவனத்தாரிடம் பயணிக்கலாம். முன்பு மாதந்தோறும் ஆள் வந்து குறித்துச் சென்ற எண்ணை, இப்போது அலுவலகக் கணினியிலுள்ள சிறு மென்பொருள் 'எஸ்.என்.எம்.பி.' நெறிமுறை வழியே இயந்திரத்திடம் கேட்டறிந்து அனுப்புகிறது. மை குறைவதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

ஆயினும் பட்டியலை அப்படியே ஏற்க வேண்டாம் என்கிறோம். இயந்திரத்திலேயே எண்ணிக்கைத் தாளை அச்சிட்டு, முந்தைய மாத எண்ணைக் கழித்துப் பாருங்கள். ஏ3 தாளை இரண்டாகக் கணக்கிடும் ஒப்பந்தங்களும் உண்டு. அந்நெறிமுறையின் பழைய பதிப்புகளில் கடவுச்சொல்போல் பயன்படும் 'பப்ளிக்' என்னும் சொல் இருந்தால், இன்றே மாற்றச் சொல்லுங்கள்.