நாயின் கணையமும் சர்க்கரைக் குறைவும்

இரத்தத்தில் சர்க்கரை கூடுவதால் வரும் தொல்லைகளை நம் வீட்டுத் தாத்தா பாட்டியரிடம் நாள்தோறும் காண்கிறோம். சர்க்கரை குறைந்தாலும் ஓர் உயிர் துன்புறும் என்பதை நாங்கள் அறிந்துகொண்டது, எங்கள் விடுதியில் வளரும் டைகரால்தான்.

டைகருக்குப் பத்து வயதிருக்கும். சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு நாள் காலை, சமையற்கட்டுப் பக்கம் ஓடிவந்த அவன் பின்னங்கால்கள் தள்ளாடிக் கீழே விழுந்தான். உடல் வெட்டி இழுத்தது. வாயில் நுரை தள்ளியது. "வெறி பிடித்துவிட்டது, அடித்துக் கொல்லுங்கள்!" என்று தெருவில் நின்றவர்கள் கூவினர். கம்புடன் உள்ளே வந்தவரைக் காவற்காரத் தாத்தா மறித்து, "ஆண்டுதோறும் ஊசி போட்ட நாய் அய்யா, சற்றுப் பொறுங்கள்" என்றார். நாங்கள் தொலைவில் நின்று அழுதுகொண்டிருந்தோம். சில நிமிடங்களில் டைகர் எழுந்து வாலை ஆட்டினான்! வெறிநோய் முற்றிய நாய் இவ்வாறு தெளிந்து எழுவதில்லை. நாளுக்கு நாள் மோசமாகி இறந்துவிடும்.

எங்கள் உயிரியல் சிஸ்டர், "அழுவதை விட்டு நேரத்தைக் குறித்து வையுங்கள்" என்றார். குறித்தோம். இரண்டு வாரங்களில் நான்கு முறை விழுந்தான். மூன்று முறை வெறும் வயிற்றில். ஒரு முறை பூனையைத் துரத்திய பின். குறிப்பேட்டைப் பார்த்த கால்நடை மருத்துவர் உடனே இரத்தம் எடுத்தார். நாய்க்கு 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் ஏறத்தாழ 80 முதல் 120 மில்லிகிராம் வரை குளுக்கோஸ் இருக்க வேண்டும். டைகருக்கு இருந்தது 42.

இதற்குக் காரணம் கணையத்தில் உள்ளது. கணையத்தில் சிறு சிறு தீவுகள் போன்ற செல் கூட்டங்கள் இருப்பதை 1869இல் பால் லாங்கர்ஹான்ஸ் விவரித்தார். (அப்போது அவரும் மாணவர்தாம்!) அத்திட்டுகளிலுள்ள பீட்டா செல்களே இன்சுலினைச் சுரக்கின்றன. உணவுக்குப் பின் சர்க்கரை ஏறினால் இன்சுலினும் ஏறும். சர்க்கரை இறங்கினால் சுரப்பு நின்றுவிடும். உடனே கல்லீரல் தன் சேமிப்பிலிருந்து குளுக்கோஸை வெளிவிடும். பீட்டா செல்களில் கட்டி தோன்றினால் இந்த ஒழுங்கு கெடுகிறது. சர்க்கரை குறைந்த பின்னும் கட்டி இன்சுலினைச் சுரந்துகொண்டே இருக்கும். தனக்கென்று குளுக்கோஸைச் சேமித்து வைக்க இயலாத மூளைதான் முதலில் தவிக்கிறது. தள்ளாட்டமும் வலிப்பும் அதனால்தான். ஓடும்போது தசைகளும் சர்க்கரையை இழுத்துக்கொள்வதால் நிலைமை இன்னும் மோசமாகிறது.

ஆகவே மருத்துவர்கள் சர்க்கரையை மட்டும் அளப்பதில்லை. அதே இரத்தத்தில் இன்சுலினையும் அளக்கின்றனர். சர்க்கரை தாழ்ந்திருக்கையில் இன்சுலின் தாழாமல் இருந்தால் கட்டி என்ற ஐயம் வலுக்கும். டைகருக்கு அப்படியே இருந்தது. இன்சுலினோமா என்று இதற்குப் பெயர். மனிதரில் இக்கட்டி பெரும்பாலும் தீங்கற்றது. நாய்களிலோ பெரும்பாலும் புற்றுநோய், நிணநீர்க் கணுக்களுக்கும் கல்லீரலுக்கும் பரவக்கூடியது. இதைக் கேட்ட அன்று எங்களில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை.

இன்சுலினின் கதையே நாய்களால் எழுதப்பட்டது அன்றோ! 1889இல் மின்கோவ்ஸ்கியும் மெரிங்கும் கணையத்தை நீக்கியபோது நீரிழிவு கண்டது ஒரு நாய்க்கு. 1921இல் டொராண்டோவில் பான்டிங்கும் பெஸ்டும் கணையச் சாற்றைச் சோதித்ததும் நாய்களிடமே. இன்று ஊசி போட்டுக்கொள்ளும் நம் பாட்டிமார் அந்த நாய்களுக்குக் கடன்பட்டவர்கள்.

அறுவை செய்து கட்டியை நீக்கினால் பல நாய்கள் ஓராண்டுக்கு மேலும் வாழ்கின்றன. டைகருக்கு நோய் கல்லீரலுக்குப் பரவிவிட்டதால் அறுவை வேண்டாம் என்றார் மருத்துவர். பிரெட்னிசலோன் மாத்திரையும், சிறுகச் சிறுகப் பலவேளை உணவும்தான் வைத்தியம். நாங்கள் அன்பு மிகுதியால் மிட்டாய் கொடுக்கப் போனோம், கூடாதாம்! இனிப்பைக் கண்டதும் கட்டி மேலும் இன்சுலினைக் கொட்டும். ஏறிய சர்க்கரை மீண்டும் சரியும். மயங்கி விழுந்தால் மட்டும் சிறிது சர்க்கரைப் பாகை ஈறில் தடவலாம். வலிப்பு இருக்கும்போது வாய்க்குள் விரலை விடக்கூடாது, கடித்துவிடும். தெளிந்ததும் உணவு தர வேண்டும்.

இப்போது நாளொன்றுக்கு ஐந்து வேளை அவனுக்குச் சோறும் இறைச்சியும் வைக்கிறோம். இரவுப் படிப்பு முடிந்து வைக்கும் வேளை பத்தாம் வகுப்பாருடையது. மணி அடித்ததும் எங்களுக்கு முன்பே அவன் படிக்கட்டில் வந்து நிற்கிறான்.